மொய் நோட்டும் கடன் கணக்கே

ஆடித் திங்கள் பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழ்ப்பகுதி பந்தல்மயமாகிவிடும். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், நெடுவாசல் என எவ்வூர்ச் சாலையில் சென்றாலும் ஒலிபெருக்கியும், ஆட்டிறைச்சி வேகும் மணமும் நம்மை வரவேற்கும். திருமணமன்று, காதணி விழாவன்று. மொய்க்கென்றே நடைபெறும் விருந்து. அண்டையிலுள்ள தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பகுதியிலும் இவ்வழக்கம் உண்டு. பத்து இருபது குடும்பத்தார் ஒன்றுகூடி, ஒரே அழைப்பிதழில் தம் பெயர்களை அச்சிட்டு, பந்தல் செலவையும் சமையல் செலவையும் பகிர்ந்துகொள்வர். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி மேசை. எழுத ஒருவர், வாங்க ஒருவர், எண்ண ஒருவர். அண்மை ஆண்டுகளில் பணம் எண்ணும் இயந்திரமும் கணினி ரசீதும் பந்தலுக்குள் நுழைந்துவிட்டன. ஆவணி முடியும்வரை இக்காட்சி நீடிக்கும்.

வெளிமாவட்டத்தார் இதனைக் கேட்டு நகைப்பதுண்டு. நகைப்பதற்கு இதில் ஏதுமில்லை என்பதே நமது கருத்து. ஈடு கேட்காமல், வட்டி கேட்காமல், கைநாட்டு வாங்காமல், உற்றாரும் ஊராரும் ஒரே நாளில் ஒரு குடும்பத்தின் கையில் முதல் வைத்துக் கொடுக்கின்ற ஏற்பாடு வேறெங்கு உண்டு? இப்பணத்தால் ஆழ்துளைக் கிணறு இறக்கியவர்களும், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர்களும், சிங்கப்பூருக்குப் பயணச்சீட்டு எடுத்தவர்களும், வட்டிக்காரரின் பிடியிலிருந்து ஒரே நாளில் மீண்டவர்களும் நம் மாவட்டத்தில் இருக்கின்றனர்.

ஆயினும் ஒன்றை நாம் பலகாலமாகக் கவனித்து வருகிறோம். கடனில் அமிழ்ந்த குடும்பத்தார் நம்மிடம் வந்து தம் கடன்களை அடுக்கும்போது வங்கி, கூட்டுறவுச் சங்கம், குழு, கைமாற்று, கடைப் பாக்கி என்று விரல் மடக்குவர். மொய்யை மட்டும் சொல்வதில்லை. மொய் நோட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் உறங்கிக்கொண்டிருக்கும். கடனிலிருந்து மீளச் சிக்கனம் வேண்டும் என்று எல்லோரும் உபதேசிக்கிறார்கள். எங்கே சிக்கனம் என்பதுதான் வினா. நம் பகுதியில் அவ்வினாவுக்கான விடை அடுப்பங்கரையில் இருப்பதைவிட அந்த நோட்டுக்குள் அதிகமாக இருக்கிறது.

நோட்டுக்குள் இரண்டு கணக்கு

மொய்யின் நடைமுறை அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நம் வீட்டு விழாவில் ஒருவர் 1,000 ரூபாய் எழுதினார் என்று கொள்வோம். அவர் விழா எடுக்கும்போது நாம் சென்று 2,000 ரூபாய் எழுதுகிறோம். இதில் 1,000 ரூபாய் பழைய பாக்கி தீர்ந்தது. மற்ற 1,000 ரூபாய் புது நடை. அதனை அவர் நமக்குத் திருப்ப வேண்டும். சரியாக 1,000 ரூபாயை மட்டும் எழுதிவிட்டு வந்தால், கணக்கு முடிந்தது என்று பொருள். கணக்கு மட்டுமன்று, கொடுக்கல் வாங்கல் உறவே முடிந்தது என்று ஊர் பொருள் கொள்ளும். ஆகவே வாங்கியதை வாங்கியபடி திருப்ப எவருக்கும் மனம் வருவதில்லை. ஆண்டுதோறும் தொகை ஏறிக்கொண்டே போகிறது.

ஒரு குடும்பம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை விருந்து வைக்கிறது. மேசையில் 5 லட்சம் சேருகிறது. அன்றிரவு அவ்வீட்டில் 5 லட்சம் வந்துவிட்டதாகவே பேச்சு. உண்மை என்ன? அதில் 3 லட்சம், இவர்கள் முன்பு ஊரெங்கும் எழுதிய பணம் திரும்பி வந்தது. அது இவர்களுடைய சேமிப்பு. மீதி 2 லட்சம் புதிதாக வந்தது. அது வட்டியில்லாக் கடன். இரண்டும் ஒரே நோட்டில், ஒரே மையில், அடுத்தடுத்த வரிகளில் இருப்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. பந்தல், இறைச்சி, அழைப்பிதழ், வண்டி வாடகை ஆகியவற்றில் இவர்கள் பங்கையும் கழிக்க வேண்டும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்க்காமல், 5 லட்சத்தை நம்பி வீட்டுக்கு மேல்தளம் போடத் தொடங்குகிறார்கள்.

அடுத்த ஆடியிலிருந்து அழைப்பிதழ்கள் வந்து குவியும். ஒரே வாரத்தில் நான்கு, ஐந்து. கையில் பணம் இருக்காது. போகாமல் இருப்பது மானக்கேடு. எனவே நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கி மொய் எழுதுவர். வட்டியில்லாக் கடனை வட்டிக் கடன் வாங்கி அடைக்கின்ற இந்த விசித்திரத்தை நாம் எத்தனையோ வீடுகளில் கண்டுவிட்டோம். இவர்களில் பலர் குடிகாரரும் அல்லர், ஊதாரிகளும் அல்லர், நாணயத்துக்கு அஞ்சுகிறவர்களே.

இதற்குமேல் இயற்கையும் ஒரு கை பார்த்தது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், இப்பகுதியின் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. புதிதாக வைத்த தென்னங்கன்று பலன் தர ஐந்து ஆறு ஆண்டுகள் ஆகும். மொய் எழுதியவரோ அதுவரை காத்திருக்க முடியாது. 2020-இல் பெருந்தொற்று வந்தது. கூட்டம் கூடுவது தடைப்பட்டது. திரும்பி வரவேண்டிய பணத்தை நம்பியிருந்தவர்கள் தவித்துப் போனார்கள். அக்காலத்தில் வாங்கிய கைமாற்றுக்கு இன்றும் வட்டி கட்டிக்கொண்டிருப்போர் உண்டு.

ஒன்றரை லட்சம் நான்கு லட்சமானது

நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தின் கணக்கை, அவர்கள் இசைவோடு, இங்கே எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டா. கணவர் வாடகைச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். மனைவி விடியற்காலையில் பூப்பறிக்கச் செல்கிறார். பகலில் வீட்டில் பூக்கட்டுகிறார். பதினோராம் வகுப்பில் ஒரு மகள், எட்டாம் வகுப்பில் ஒரு மகன், வயது முதிர்ந்த தாய். அரசு வழங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயையும் சேர்த்து மாத வரவு ஏறத்தாழ 24,000 ரூபாய். அடகு வைத்த நகைக்குத் தவணை முடிகிறதென்று கூட்டுறவுச் சங்கத்திலிருந்து அறிவிப்பு வந்த அன்று நம்மிடம் வந்தனர்.

கடன் எவ்வளவு என்று கேட்டோம். "ஒன்றரை லட்சம் இருக்கும் சாமி" என்றார் கணவர். மனைவி வாய் திறக்கவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதச் சொன்னோம். எழுதி முடிக்க இரண்டு மாலைப்பொழுது ஆயிற்று. புரோநோட்டுக் கடன் 80,000 ரூபாய். நூற்றுக்கு மூன்று வட்டி, மாதம் 2,400. சங்கத்தில் நகைக்கடன் இரண்டு சீட்டுகளாக 1,20,000 ரூபாய். வட்டி மாதத்துக்கு 1,200. வாரம் 900 ரூபாய் வீதம் குழுக்கடனுக்கு இன்னும் 40 வாரத் தவணை, ஆக 36,000 ரூபாய். மாதக் கணக்கில் அது 3,900 ஆகும். மளிகைக் கடைப் பாக்கி 9,000 ரூபாய். கூட்டினால் 2,45,000.

"மொய்?" என்றோம்.

"அது கடனில்லையே சாமி, முறைதானே?" என்றார் கணவர்.

மறுநாள் மனைவி நோட்டைக் கொண்டுவந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள். திருப்ப வேண்டியது 1,60,000 ரூபாய். அவர்களுக்கு வரவேண்டியதும் 70,000 ரூபாய் இருந்தது. ஆனால் அது இவர்கள் மறுபடி ஒரு விழா எடுத்தால்தான் வரும். விழா எடுத்தால் புது நடையும் உடன் வந்து சேரும். எனவே அதனைக் கணக்கில் கழிக்க வேண்டாம் என்றோம். ஆக மொத்தக் கடன் 4,05,000 ரூபாய். ஒன்றரை லட்சம் என்று சொன்னவர் அத்தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடனை எழுதிப் பார்க்க அஞ்சுவது மனித இயல்பு. ஆனால் எழுதாத கடன், மனத்தில் சிலவேளை சிறுத்தும் சிலவேளை பூதமாகப் பெருத்தும் காட்சி தரும். அவ்வீட்டில் கணவருக்கு அது சிறுத்துக் காட்டியது. மனைவிக்கோ இரவு உறக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் பெருத்துக் காட்டியது. தாளில் வந்தபின் இருவரும் ஒரே எண்ணைப் பார்த்தனர்.

நிற்க. வட்டிக்கும் தவணைக்கும் மாதம் 7,500 போக, ஐந்து பேருக்கு மீதி 16,500 ரூபாய். தலைக்கு 3,300. நடுவண் அரசு 2023–24-ஆம் ஆண்டில் நடத்திய குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்தியச் சிற்றூர்களில் ஓர் ஆளின் சராசரி மாதச் செலவு 4,122 ரூபாய். நம் குடும்பம் அச்சராசரிக்கும் கீழே வாழ்ந்துகொண்டிருந்தது. இத்தகையோரிடம் சிக்கனம் பேசுவதற்கு நாக்குக் கூசவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் சோற்றில்தான் கை படும்.

எதை வெட்டுவது, எதைத் தொடாதிருப்பது

நல்லெண்ணமுள்ள தாய்மார் பலர் முதலில் நிறுத்துவது முட்டையும் பாலும். அடுத்தது தமக்குரிய மருந்து. இவ்விரண்டையும் நாம் வன்மையாக மறுக்கிறோம். பிள்ளையின் முட்டையை நிறுத்தி மாதத்தில் இருநூறு முந்நூறு மிச்சம் பிடித்து, அதனை மொய்யில் ஒரே நாளில் எழுதிவிட்டு வருவது என்ன நியாயம்? அவ்வீட்டில் முட்டை, பால், பருப்பு, பள்ளிச் செலவு, பாட்டியின் சர்க்கரை நோய் மாத்திரை ஆகிய ஐந்தையும் தாளின் மேற்பகுதியில் எழுதி, இவை வெட்டத்தகாதவை எனக் கோடிட்டோம். மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கும் என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரியவந்தது. அதுவரை கடையில் வாங்கி வந்தனர்.

பின்னர் ஒரு மாதம் எதையும் குறைக்காமல், செலவை மட்டும் எழுதச் சொன்னோம். மகள் எழுதினாள். அதில் வெளிப்பட்டவை பெருஞ்செலவுகள் அல்ல. கணவர் வண்டியோடு நிற்குமிடத்தில் தேநீர், வடை, சிகரெட். இரவில் வீட்டுக்குப் பரோட்டாப் பொட்டலம். பிள்ளைகளுக்கு ஐந்து ரூபாய்த் தின்பண்டப் பைகள். கூட்டினால் மாதம் 2,400 ரூபாய். மேற்சொன்ன அரசு ஆய்விலும் சிற்றூர் மக்களின் உணவுச் செலவில் பானங்களும் சிற்றுண்டியும் ஆயத்த உணவுகளுமே மிகப் பெரிய பங்கு பெறுகின்றன. அரிசியோ பருப்போ அன்று. சமஸ்தானக் காலத்தில் இம்மண்ணில் அம்மன் காசு என்றொரு சிறிய செப்புக் காசு வழங்கியது. நவராத்திரி நாளில் அரிசியோடு அதனை எளியவர்க்குக் கொடுப்பர். இன்று அத்தகைய சில்லறை எதற்கும் உதவாது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் சில்லறையாகப் போவதைத்தான் வீட்டில் எவரும் பார்ப்பதில்லை.

அந்த 2,400 ரூபாயை 900 ஆக்கினர். முற்றாக நிறுத்தச் சொல்லவில்லை. பதினான்கு மணிநேரம் வண்டி ஓட்டுகிறவர் தேநீர் குடிக்கத்தான் வேண்டும். ஆக மிச்சம் 1,500. ஞாயிறுதோறும் மதுவுக்குப் போன 400 ரூபாயை எழுதும்போது மகள் தந்தையின் முகத்தைப் பார்த்தாளாம். அவர் எழுந்து வெளியே போய்விட்டாராம். மாதம் 1,600. முதல் மூன்று மாதங்களில் அது முழுமையாக நின்றுவிடவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அம்மாதங்களில் மனைவி கூடுதலாகப் பூக்கட்டிய கூலி அப்பள்ளத்தை நிரப்பியது. கைப்பேசிக் கட்டணத்தில் 400. மளிகையை அன்றாடம் கடனுக்கு வாங்குவதை நிறுத்தி, நியாயவிலைக் கடையின் பருப்பையும் பாமாயிலையும் தவறாது வாங்கி, மற்றதை மாதத்துக்கொருமுறை ரொக்கத்துக்கு வாங்கியதில் 500. பண்டிகைத் துணியைத் தவணையில் எடுக்கும் பழக்கத்தை விட்டதில் மாதச் சராசரி 500. எல்லாம் சேர்ந்து 4,500 ரூபாய்.

இந்த 4,500 ரூபாயை எக்கடனுக்குச் செலுத்துவது என்பதில் வீட்டில் மூன்று கட்சிகள். வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் குழுக்காரரை முதலில் ஒழிக்க வேண்டும் என்றார் கணவர். நகையை மீட்க வேண்டும் என்றார் மனைவி. ஊர்வாய்க்கு அஞ்சிய பாட்டியோ மொய்யை முதலில் என்றார். மூவர் சொன்னதும் மனத்தின் கணக்கு. தாளின் கணக்கு வேறு. நூற்றுக்கு மூன்று வட்டி என்பது ஆண்டுக்கு நூற்றுக்கு 36. குழுக்கடனின் அட்டையில் 24 என்றிருந்தது. நகைக்கடனுக்கு 12. மொய்க்கு வட்டியே இல்லை. சத்தம் போடாமல் மூலையில் கிடந்த புரோநோட்டுத்தான் வீட்டை அதிகமாக அரித்துக்கொண்டிருந்தது. மற்றவற்றுக்குரிய வட்டியையும் தவணையையும் வழக்கம்போல் கட்டிக்கொண்டு, மிச்சம் பிடித்த பணம் அனைத்தையும் அதன்மேல் திருப்புவதென முடிவாயிற்று.

கடன் கொடுத்தவரோ, அசலைச் சில்லறையாக வாங்கமாட்டேன் என்றார். வட்டிக்குக் கொடுப்போரில் பலர் அப்படித்தான்; அசல் அசையாதிருப்பதே அவர்களுக்கு இலாபம். இறுதியில் 20,000 ரூபாயாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதாக இசைந்தார். அதுவரை பணத்தை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தனர். ஐந்தாம் மாதம் முதல் 20,000. அசல் 60,000 ஆனதால் வட்டியில் மாதம் 600 ரூபாய் குறைந்தது. அந்த 600 ரூபாயும் மிச்சத்தோடு சேர்ந்தது. ஒன்பதாம் மாதம் இரண்டாவது 20,000. பன்னிரண்டாம் மாதம் மூன்றாவது. பதினாறாம் மாதம் கடைசி. ஒவ்வொரு முறையும் புரோநோட்டின் பின்புறத்தில் வரவு எழுதிக் கையொப்பம் வாங்கினர். முடிவில் நோட்டையே திரும்ப வாங்கிக்கொண்டனர். வரவு எழுதாமல் வாய்மொழியாகப் பணம் கொடுத்துவிட்டு, பின்னர் முழு அசலுக்கும் வழக்கைச் சந்தித்தவர்களை நாம் அறிவோம். பதினாறு மாதங்களில் அவர்கள் கட்டிய வட்டி 25,200 ரூபாய். பழையபடி வட்டியை மட்டும் கட்டியிருந்தால் 38,400 கட்டியிருப்பர். அசல் 80,000 அப்படியே நின்றிருக்கும்.

இடையே, பத்தாம் மாதத்தில் குழுக்கடன் முடிந்தது. முடிந்த வாரமே, 60,000 ரூபாய் தருகிறோம் என்று புதுக்கடன் படிவத்தோடு ஆள் வந்தார். இவ்விடத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குகின்றன. ரிசர்வ் வங்கி 2022 மார்ச் மாதம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்குமாகக் கட்டும் மாதத் தவணை அக்குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டுமாறு நுண்கடன் தரக்கூடாது. முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் விதிக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக்கூடாது. இவற்றையெல்லாம் நம் மகளிர் அறிந்திருப்பது நலம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றை 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் குற்றமாக்கி, மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கிறது. கடன் வசூலில் வன்முறையையும் மிரட்டலையும் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டமும் இயற்றப்பட்டது. மிரட்டப்படுகிறவர் தனியே அஞ்சிச் சாக வேண்டியதில்லை. காவல் நிலையத்துக்குத் துணையோடு செல்லலாம். துணைக்கு வர ஊரில் நான்கு பேர் நிச்சயம் உண்டு.

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், செருமானிய நாட்டுச் சிற்றூர்களில் வட்டிக்காரரிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த குடியானவர்களைக் கண்டு, ரைபைசன் என்னும் ஊர்த்தலைவர் அவர்களையே ஒன்றுசேர்த்துக் கடன் சங்கங்களை அமைத்தார். அதனை ஆராய்ந்த நிக்கல்சன் என்னும் அதிகாரி 1895-இலும் 1897-இலும் சென்னை அரசுக்கு அறிக்கை தந்தார். 1904-இல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. நம் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் அவ்வழிவந்ததே. ஒருவரையொருவர் அறிந்த மக்கள் ஒருவருக்கொருவர் பிணையாவது என்பதுதான் அதன் அடித்தளம். மொய்யின் அடித்தளமும் அதுவே. ஆனால் சங்கத்தில் உறுப்பினரின் கடன் இவ்வளவு என்று எழுதி அவர் கையிலேயே தருகிறார்கள். மொய்யில் அதனை அவரவரே பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

கடன் யாவும் தீது என்றும் நாம் சொல்லவில்லை. 1990-களின் தொடக்கத்தில் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, ஆட்சியர் திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி கற்றனர். மிதிவண்டி வாங்க வங்கிக்கடனுக்கும் வழி செய்யப்பட்டது. அக்கடன் பேருந்துக் காத்திருப்பை ஒழித்தது, சந்தைக்குக் காய்கறியைக் கொண்டு சென்றது, தன்னைத்தானே அடைத்துக்கொண்டது. மொய் வாங்கி ஆழ்துளைக் கிணறு இறக்குவதும் அவ்வகையே. மொய் வாங்கி விளம்பரப் பதாகையும் வாணவேடிக்கையும் வைப்பது அவ்வகையன்று. நம் கத்தோலிக்க இல்லங்களிலும் இந்நோய் இல்லாமலில்லை. புதுநன்மைக்கு வெள்ளை உடை போதும் என்று நாம் ஆண்டுதோறும் சொல்கிறோம். மண்டபம் பிடித்து அழைப்பிதழ் அச்சிட்டு, குழந்தை நற்கருணை வாங்கும் நாளில் வாசலில் மொய் மேசை போடுவோர் இருக்கத்தான் செய்கிறார்கள். அன்று வந்த பணத்துக்கும் நோட்டு உண்டு.

இனி அக்குடும்பத்தின் மொய் என்னவாயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். தாளின் கணக்கில் அது கடைசி. வாழ்க்கையில் அதுவே கடினம். விசேஷங்களுக்கென மாதம் 2,500 ரூபாய் ஒதுக்கினர். அதற்குள், வாங்கியதை வாங்கியபடி திருப்புவது, புது நடை ஒரு ரூபாயும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தனர். கணவர் பந்தலுக்குப் போகக் கூசினார், மனைவிதான் போனார். ஒரு பந்தலில் உறவுக்காரப் பெண் பலர் கேட்கும்படி, "என்ன அத்தாச்சி, எங்க கணக்க முடிச்சுக்கிறீகளா?" என்று கேட்டுவிட்டார். "பணக் கணக்கத்தான் முடிக்கிறேன். நாத்து நட ஆள் வேணும்னா எப்பவும்போலக் கூப்பிடு, வர்றேன்" என்று இவர் சொல்லிவிட்டு வந்தார். அன்று வீட்டுக்கு வந்து அழுததாக மகள் நம்மிடம் சொன்னாள்.

சில வீடுகளிலிருந்து அழைப்பிதழ் வருவது நின்றது. அவற்றுள் ஒன்று அவருடைய சொந்த அண்ணன் வீடு. மற்றப் பலர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் சிலர் தனியே வந்து, நீங்கள் எப்படித் துணிந்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பதினாறு மாதங்களில் இவ்வகையில் 40,000 ரூபாய் திரும்பிச் சென்றது. குழுக்கடன் முடிந்தபின் மிஞ்சிய 3,900 ரூபாயில் முதல் மூன்று மாதப் பணத்தைக் கொண்டு மளிகைக் கடைப் பாக்கியைத் தீர்த்தனர். அதன்பின் அத்தொகையும் மொய்க்கே போகிறது.

புரோநோட்டு கைக்கு வந்த பின்னர், அதற்குச் சென்றுகொண்டிருந்த 6,900 ரூபாய் நகையின் பக்கம் திரும்பியது. ஒரு பவுனின் விலை 2025-இல் 90,000 ரூபாயைத் தாண்டிய பின்பு, இருக்கும் நகையின் மேல் கூடுதல் கடன் தருகிறோம் என்று தனியார் அடகுக் கடைகளிலிருந்து அழைப்பு வந்தது. மனைவி அதனை மறுத்துவிட்டார். ஒன்பது மாதங்கள் கழித்து 60,000 ரூபாய்ச் சீட்டு ஒன்று மீண்டது. ஒரு சங்கிலியும் ஒரு சோடித் தோடும். இதற்குள் மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம் என்று ஒரே வாரத்தில் 18,000 ரூபாய் தேவைப்பட்டது. சங்கிலியை மறுபடி சங்கத்துக்கு எடுத்துச் செல்லலாம் என்றார் கணவர். மனைவி இரண்டு மாத நகைப் பணத்தையும் ஒரு மாத மொய்ப் பணத்தையும் நிறுத்தி வைத்தார், கூட்டினால் 17,700. மீதி 300 ரூபாயைப் பூக்கட்டிச் சேர்த்தார். மகள் இப்போது புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். வீட்டுக் கணக்கு இன்னமும் அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் நகைச் சீட்டு சங்கத்தில் இருக்கிறது. மொய் நோட்டில் அறுபத்தொரு பெயர்கள் அடிக்கப்படாமல் நிற்கின்றன.